தொட்டியில் சேர்ந்தால் போதுமா, வயிற்றில் சேர வேண்டாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பாய் மேல உட்கார்ந்து பேசச் சொன்னா பேசுவேன். "உனக்குத் தெரிஞ்சது மாடு. மாட்டைப் பத்திப் பேசு, அது போதும்" என்று தலைவி அக்கா சொன்னதால் துணிந்து வந்துட்டேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க.

முதல்ல ஒரு கேள்வி. வீட்டில் மாடு, ஆடு வச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு கைதான் தெரியுது. சரி, கோயிலுக்குப் போகும்போதோ, அமாவாசைக்கோ, வீட்டில் சோறு மிஞ்சும்போதோ மாட்டுக்கு ஒரு வாய் கொடுத்தவங்க? பாருங்க, இப்ப எல்லாக் கையும் மேல போயிடுச்சு. அதனால இந்தப் பேச்சு மாடு வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் இல்லை. உங்க எல்லாருக்கும்தான்.

நான் கல்யாணமாகி வந்த வீடு மயிலாப்பூரில் மாடு வச்சுப் பால் கறந்த வீடு. என் மாமியார் காலத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் மாடு இருந்ததாம். நான் வந்தப்போ எங்க சந்தில் எங்க வீடு மட்டும்தான். மாமியாருக்கு முடியாமப் போனதும் அந்த மாட்டையும் வித்தாச்சு. அப்புறம் குழுவில் சேர்ந்து, மூணு வருஷம் ஒழுங்கா சந்தா கட்டி, உள்கடனும் வங்கிக் கடனில் என் பங்கும் சேர்த்து ஒரு கலப்பினப் பசு வாங்கினேன். செவலை நிறம். செவலைன்னே கூப்பிடுவோம். நாளைக்குப் பத்து லிட்டர் கறந்தது. தவணை கட்டி, தீவனச் செலவு போக, பிள்ளைங்க பள்ளிக்கூடச் செலவுக்கும் கையில் நின்னது.

அந்த வருஷம் பங்குனித் திருவிழா. கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் அன்னைக்கு மாட வீதி நாலும் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடிக்கு ஒரு பந்தல். நீர்மோர், பானகம், சாம்பார் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். சாயங்காலம் ஆனதும் மிஞ்சினதை என்ன செய்யறதுன்னு யோசிச்சவங்க, "மாடு வச்சிருக்கிற அக்கா வீடு இருக்கே" என்று இரண்டு பெரிய அண்டாவில் கொண்டுவந்து இறக்கினாங்க. நம்ம கூட்டமைப்புப் பெண்கள்தான். அன்பாத்தான் கொண்டுவந்தாங்க. அவங்க மேல எந்தக் குத்தமும் இல்லை. வாங்கித் தொட்டியில் கொட்டினது நான்.

எனக்கு என்ன நினைப்புன்னா, ஒரு நாள் தவிடும் புண்ணாக்கும் மிச்சம். வைக்கோல் கட்டு என்ன விலை விக்குது! சோறு இவ்வளவு இருக்கும்போது அன்னைக்கு வைக்கோலையும் போடலை. செவலையும் ஆசையா தின்னுது. தொட்டியை நக்கித் துடைச்சு வச்சுது. எனக்கும் வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்தது.

ராத்திரி பார்த்தேன், அசை போடலை. திருவிழாச் சத்தத்தில் மிரண்டிருக்குன்னு விட்டுட்டேன். விடிஞ்சா படுத்தது எழுந்திருக்கலை. இடது பக்கம் வயிறு உப்பியிருக்கு. பல்லை நறநறன்னு கடிக்குது. சாணி தண்ணியா, புளிச்ச மாவு வாடையோட போகுது. நான் என்ன செஞ்சேன்? கண்ணு பட்டிருச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டேன். இஞ்சி பூண்டு இடிச்சுக் கொடுத்தேன். இப்படியே அரை நாள் போச்சு. மத்தியானம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து சோடா உப்பு கரைச்சு ஊத்தினார், டிரிப் போட்டார், ஊசி போட்டார். மறுநாள் ராத்திரி செவலை போயிடுச்சு. காப்பீடும் எடுக்காம இருந்தேன். தவணை மட்டும் நின்னுச்சு. மூணு மாசத் தவணையைக் குழுவில் இருந்தவங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினாங்க. அந்தக் கடனை நான் பணமாத் திருப்பிக் கட்டிட்டேன். ஆனா மிச்சக் கடன் ஒண்ணு இருக்கு. நான் கத்துக்கிட்டதைச் சொல்ற கடன். அதைக் கட்டத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

டாக்டர் அன்னைக்கு என்னைத் திட்டலை. "விஷத்தால சாகலைம்மா. சோத்தால செத்துது" என்றார். எனக்குப் புரியலை. மனுஷன் தின்கிற சோறு மாட்டுக்கு ஆகாதா? "ஆகும். எவ்வளவு, எதோட சேர்த்து, எவ்வளவு வேகமா என்பதுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து விளக்கினார். அப்புறம் நானும் கால்நடைப் பயிற்சி வகுப்புக்குப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1903-இல் ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே, வேப்பேரியில் இருக்கு. 1989-இல் அதை வச்சே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் ஒரு நாளும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

அவங்க சொன்னதை நம்ம பாஷையில் சொல்றேன்.

மாட்டு வயிறு நம்ம வயிறு மாதிரி இல்லை. நாலு அறை. முதல் அறைதான் பெரிசு. டாக்டருங்க ரூமென் என்பாங்க. பெரிய மாட்டுக்கு அது 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நம்ம வீட்டுத் தண்ணி டிரம்மை நினைச்சுக்குங்க. அந்த டிரம்முக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. வைக்கோலைச் செரிக்க மாட்டுக்குச் சொந்தமா வழி இல்லை. நுண்ணுயிர்தான் செரிச்சுக் கொடுக்கணும். ஆகவே நாம தொட்டியில் போடுறது முதல்ல அந்த நுண்ணுயிருக்குச் சாப்பாடு. அதுங்க வேலை செஞ்சாத்தான் மாட்டுக்குச் சத்து.

அந்தக் கூட்டத்தில் ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு நாரைத் தின்கிற கட்சி. வைக்கோல், புல், தட்டை இதெல்லாம் அதோட பங்கு. பொறுமையா, நிதானமா வேலை செய்யும். இன்னொண்ணு மாவைத் தின்கிற கட்சி. சோறு, கஞ்சி, அரிசி மாவு, சர்க்கரை கிடைச்சா குபுகுபுன்னு பெருகும். பெருகும்போது புளிப்பை விடும். அந்தப் புளிப்பில் நார் தின்கிற கட்சி மயங்கிப் படுத்துடும். புளிப்பு இன்னும் ஏறினா வயித்துச் சுவர் வெந்துபோய், உடம்பில் உள்ள தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இறங்கி, மாடே விழுந்துடும். செவலைக்கு நடந்தது இதுதான்.

நமக்கு இது தெரியாத விஷயமா? இட்லி மாவு அரைச்சு வைக்கிறோமே! குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் ஆகியும் பொங்காது. சித்திரை வெயிலில் கொஞ்சம் அசந்தா பாத்திரத்துக்கு வெளியே பொங்கி, வாயில் வைக்க முடியாத புளிப்பாயிடும். செவலை வயித்தில் அன்னைக்கு சித்திரை மாசத்து மாவுதான் இருந்தது.

வெந்த சோறு பச்சரிசியை விட இன்னும் மோசம். வெந்ததால நுண்ணுயிர் அதை உடனே பிடிச்சுக்கும். சர்க்கரைப் பொங்கலில் வெல்லமும் சேருது. இதுக்கு மேல, அன்னைக்கு நான் வைக்கோலும் போடலை. வைக்கோல் இருந்தா மாடு நல்லா அசை போடும். அசை போடும்போது எச்சில் ஊறும். ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறும்னு சொன்னாங்க. அந்த எச்சிலில் இயற்கையாவே சோடா உப்பு இருக்கு. அதுதான் புளிப்பை முறிக்கும். நான் புளிப்பை ஊத்திட்டு, முறிவு மருந்தை நிறுத்திட்டேன்.

இப்ப ரெண்டாவது பாடம். இதுதான் எனக்கு ஆச்சரியமா இருந்தது.

நம்ம கணக்குப் புத்தகத்தில் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. மாட்டு வயித்தில் அப்படி இல்லை. ஒரு தீவனத்தோட இன்னொண்ணைச் சேர்த்தா சில சமயம் மூணு ஆகும், சில சமயம் ஒண்ணுகூட ஆகாது. வெறும் வைக்கோலை எடுத்துக்குங்க. அதில் புரதம் 100-க்கு 3, 4 பங்குதான். நுண்ணுயிருக்கு வேலை செய்ய 7, 8 பங்காவது வேணும். அது இல்லாம வைக்கோலை எவ்வளவு போட்டாலும் அது வயித்தில் கிடக்கும், செரிக்காது. வயிறு காலியாகாததால மாடு அடுத்த வாய் எடுக்காது. நாம "மாடு வைக்கோல் கழிக்குது"ன்னு சொல்றோமே, பாதி நேரம் காரணம் இதுதான்.

அதே வைக்கோலோட கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, இல்லைன்னா ஒரு பிடி அகத்திக்கீரை சேருங்க. நுண்ணுயிருக்குப் புரதம் கிடைச்சிடும். வைக்கோலே நல்லா செரிக்கும், மாடு கூடுதலா வைக்கோல் தின்னும். புண்ணாக்கு தன்னோட சத்தையும் கொடுக்குது, வைக்கோலில் அடைஞ்சு கிடந்த சத்தையும் எடுத்துக் கொடுக்குது. குழுவுக்கு ஒரு நல்ல ஊக்குநர் கிடைச்ச மாதிரி. அவங்க ஒருத்தர் சந்தா மட்டுமா கூடுது? மத்தவங்களும் ஒழுங்கா கட்ட ஆரம்பிப்பாங்க இல்லையா?

இதுக்கு எதிர்ப்பக்கம்தான் சோறும் கஞ்சியும். அதைக் கூட்டக் கூட்ட, பக்கத்தில் இருக்கிற வைக்கோல் செரிக்கிறது குறையும். சோத்தால் வந்த லாபத்தை வைக்கோலில் விட்டுடுவோம். மாடு சாகணும்னு இல்லை, நோயே தெரியாமக்கூட இந்த நஷ்டம் நடக்கும். என் ரெண்டாவது மாட்டில் இதை நானே பார்த்தேன். கழுநீரும் கஞ்சியும் நிறைய வச்ச நாட்களில் பால் அளவு குறையலை, ஆனா பால் தண்ணியா இருந்தது. நாரில் இருந்து வர்ற சத்துதான் பாலில் கொழுப்பாகுது. நார் செரிக்கலைன்னா கொழுப்பு இறங்கும். அடையாறில் எங்கிட்ட பால் வாங்குற அம்மா ஒருத்தர், "ஏம்மா, தண்ணி கலக்குறியா?" என்று நேராவே கேட்டுட்டாங்க. எனக்கு அழுகையே வந்திருச்சு. தண்ணி நான் கலக்கலை, ஆனா கஞ்சி கலந்தது நான்தானே. கஞ்சியைக் குறைச்சு, வைக்கோலை நறுக்கிப் புண்ணாக்குத் தண்ணி தெளிச்சு வச்சேன். கொஞ்ச நாளில் பால் கெட்டியாச்சு. அந்த அம்மா இன்னைக்கும் எங்கிட்டதான் வாங்குறாங்க.

மூணாவது பாடம், அளவு.

நிறையத் தின்னா நிறையப் பால்னு நாம நினைக்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனா நிறைய உள்ளே போகும்போது, ஏற்கெனவே இருக்கிறது சீக்கிரம் வெளியே தள்ளப்படும். வைக்கோல் மாதிரி முரட்டுத் தீவனம் செரிக்க ரெண்டு நாளுக்கு மேலகூட வயித்தில் தங்கணும். தங்க விடலைன்னா பாதி வேலையில் கிளம்பிடும். பொங்காத மாவில் இட்லி ஊத்தின மாதிரி. அதனால மாடு கூடுதலாத் தின்னும்போது மொத்தத்தில் சத்து கூடும், ஆனா ஒவ்வொரு கிலோவிலும் கிடைக்கிற பலன் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். மாவுத் தீவனத்தைக் கூட்டித்தான் அந்த அளவை ஏத்துறோம்னா நார் செரிக்கிறது இன்னும் அடிபடும். உங்களுக்கு அடையாளம் வேணும்னா சாணியைப் பாருங்க. முழு மக்காச்சோளம், நீளமான வைக்கோல் துண்டு சாணியில் வந்தா, அது நீங்க காசு கொடுத்து வாங்கிக் குப்பையில் போட்டதுன்னு அர்த்தம்.

சரி, என்னதான் போடலாம்? நான் இப்ப வைக்கிற கணக்கைச் சொல்றேன். 400 கிலோ எடையுள்ள, 10 லிட்டர் கறக்கிற பசுவுக்கு ஒரு நாளைக்குக் காய்ஞ்ச கணக்கில் 10 முதல் 12 கிலோ தீவனம் வேணும். அதில் பாதிக்கு மேல் நார்த் தீவனமா இருக்கணும். கலப்புத் தீவனம், உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதுக்கு மேல ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. ஆக மொத்தம் ஐந்தரை கிலோ. வைக்கோல் 4 கிலோ. பச்சை 15 கிலோ. நமக்கு சென்னையில் புல்லு ஏது என்பீங்க. நான் மார்க்கெட்டில் காலிபிளவர் இலை, முட்டைக்கோஸ் மேல் இலை, கீரைத் தண்டு, சோளத் தோகை சேகரிக்கிறேன். வெளியூரில் இருந்து வர்ற பசும்புல் கிடைச்சா வாங்குவேன். தாது உப்புக் கலவையும் தினமும் கொஞ்சம்.

போடுற முறையும் முக்கியம். காலையில் வெறும் வயித்தில் தீவனக் கூழ் வைக்காதீங்க. முதல்ல கொஞ்சம் வைக்கோல், அப்புறம் கலப்புத் தீவனம். ஐந்தரை கிலோவையும் ஒரே வேளையில் கொட்டாம மூணு, நாலு வேளையாப் பிரிங்க. வைக்கோலை நறுக்கிக் கலந்து வைச்சா மாடு மாவை மட்டும் பொறுக்கித் தின்ன முடியாது. புதுசா எந்தத் தீவனம் மாத்தினாலும் 10 முதல் 14 நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. வயித்துக்குள்ள இருக்கிற கூட்டம் பழகணும். புது உறுப்பினர் வந்த அன்னைக்கே நாம பெரிய கடன் கொடுக்கிறோமா? அது மாதிரிதான்.

சோறே கூடாதான்னு கேட்டா, கூடவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆனா கணக்கில் எழுதிப் போடுங்க. 3 கிலோ சோறு கிட்டத்தட்ட 1 கிலோ அரிசிக்குச் சமம், மீதி தண்ணி. சோறு போட்ட அன்னைக்கு அந்த அளவு கலப்புத் தீவனத்தைக் குறைச்சிடணும், வைக்கோலைக் குறைக்கவே கூடாது. ஆடு வச்சிருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதை. ஆட்டு வயிறு சின்னது. ஒரு சட்டி அரிசிச் சோறே அதுக்கு அறுபத்துமூவர் அண்டா.

இப்ப மாடு இல்லாத அக்காமார்களுக்கு.

நம்மில் நிறையப் பேர் தி.நகர் கல்யாண மண்டபங்களில் சமையலுக்கும் பரிமாறவும் போறோம். மிஞ்சினதை மாட்டுக்குக் கொடுத்தா புண்ணியம்னு நினைக்கிறோம். நினைப்பு நல்லதுதான். ஆனா தெருவில் நிற்கிற மாட்டுக்கு முன்னால் அண்டாவைக் கவிழ்க்காதீங்க. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கொடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. மனுஷங்க சாப்பிடுற பதத்தில் இருந்தா மனுஷங்களுக்கே கொடுங்க. மாட்டுக்குத்தான் என்றால் மாட்டுக்காரங்களைக் கேட்டு, அவங்க சொல்ற அளவு கொடுங்க. காய் நறுக்கின தோலும் இலையும் சோத்தை விட எங்களுக்குப் பிரயோஜனம்.

அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுக்கிற பழக்கத்தை யார் வச்சாங்களோ, அவங்களுக்கு மாட்டு வயிறு தெரிஞ்சிருக்கு. வைக்கோல் தின்கிற மாட்டுக்குப் புரதம் அது. ஆனா ஒரே மாட்டுக்கு நாற்பது பேர் கட்டுக் கட்டா நீட்டினா சாணி இளகிப் போகும். ஒரு கட்டு போதும்.

முக்கியமா, பையைக் கழட்டிட்டுக் கொடுங்க. நம்ம மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-இல் இருந்து தடை. அதே வருஷம் அக்டோபரில், திருமுல்லைவாயல் பசு ஒன்றின் வயித்தில் இருந்து கால்நடைப் பல்கலைக்கழக டாக்டருங்க 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தாங்க. அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆபரேஷன். நாம சாதம் கட்டிப் போட்ட பைதான் அது. அந்த இடத்தில் பை உட்கார்ந்துட்டா வைக்கோல் எங்கே தங்கும், எங்கே செரிக்கும்?

கடைசியா, கூட்டமைப்புக்கு என்னோட மூணு வேண்டுகோள். ஒண்ணு, மாட்டுக்கடன் கொடுக்கும்போது காப்பீடு எடுத்த ரசீதைப் பார்த்துட்டுக் கொடுங்க. ரெண்டு, கடன் வாங்குறவங்களுக்கு ஒரு நாள் தீவனப் பயிற்சி கட்டாயம்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. மூணு, அடுத்த பங்குனித் திருவிழாவுக்கு முன்னாடி, பந்தல் போடுற குழுக்களும் மாடு வச்சிருக்கிற உறுப்பினர்களும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுவோம். மிஞ்சினது யாருக்குப் போகணும்னு முன்னாலேயே முடிவு பண்ணுவோம்.

ஒரு அடையாளம் மட்டும் எல்லாரும் மனசில் வச்சுக்குங்க. மாடு அசை போடலைன்னா மிளகாய் சுத்தாதீங்க, டாக்டருக்குப் போன் போடுங்க. நான் இழந்த அந்த அரை நாள் இருந்திருந்தா, செவலை ஒருவேளை பிழைச்சிருக்கும்.

இப்ப என் தொழுவத்தில் ஒரு பசுவும் அதோட கிடேரிக் கன்னும் நிக்குது. ராத்திரி படுக்கப் போகும் முன்னாடி ஒரு தடவை போய், அசை போடுதான்னு பார்த்துட்டுத்தான் விளக்கை அணைப்பேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.